இருசம்மாளின் ஐந்து நாள் லீவு

பவானி மஹாலில் நடந்த வரவேற்புகளின் ஆல்பங்களை எல்லாம் வாங்கி அடுக்கினால், அத்தனையிலும் இருசம்மாளின் உழைப்பு இருக்கும். அவள் முகம் மட்டும் எதிலும் இருக்காது. பெண்ணும் மாப்பிள்ளையும் கைகோத்து நிற்கிறார்களே, அந்தப் பச்சைப் புல்தரை அவள் வளர்த்தது.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், குடிகாடு தாண்டியதும் வருகிறது மண்டபம். முன்பெல்லாம் வரவேற்பு என்றால் உள்ளே மேடையில்தான். இப்போது யாரைக் கேட்டாலும் லான்தான் வேண்டும் என்கிறார்கள். திறந்தவெளி, சீரியல் விளக்கு, தலைக்கு மேலே டிரோன். மேலே பறப்பதை அண்ணாந்து பார்க்கிறவர்கள் கீழே மிதிபடுவதைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் மறுநாள் காலை இருசம்மாள் இடுப்பில் கைவைத்து நின்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்த பிறகுதான் வேலையில் இறங்குவாள். ஹீல்ஸ் செருப்புகள் போட்ட ஓட்டைகள். மேடைப் பலகை கிடந்த இடத்தில் பாய் விரித்த மாதிரி மஞ்சளாக வெளுத்த புல். ஐஸ்கிரீம் கப்புகள், வெடித்துச் சிதறிய ஜிகினாத் தூள். அந்தத் தூளைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் அவனையே குந்தவைத்துப் பொறுக்கச் சொல்வாள். சமையல்காரர்கள் சோறு வடித்த கஞ்சியைச் சுடச்சுடக் கொட்டிவிட்டுப் போன மூலை ஒன்று ஆறு மாதமாகத் தேறவே இல்லை. போதாக்குறைக்கு போர்வெல் தண்ணீர் உப்பு. டேங்கர் வந்தால்தான் புல்லுக்கு உயிர்.

இதெல்லாம் மனிதர்கள் செய்கிற அட்டூழியம், திட்டினால் கொஞ்சம் ஆறும். புல்லுக்குள் முளைக்கிற கோரைக் களை அப்படியில்லை. இழுத்தால் தலை மட்டும் கையோடு வரும். கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருந்துகொண்டு நாலைந்து நாளில் ஒன்றுக்கு இரண்டாகத் தலைநீட்டும். அதற்கென்றே இருசம்மாள் மரப்பிடி போட்ட பழைய ஸ்க்ரூடிரைவர் ஒன்று வைத்திருந்தாள். தண்டை அடியில் பிடித்து, பக்கத்தில் குத்தி, அரைத் திருப்பு திருப்பி நெம்பினால் கறுப்புக் கிழங்கோடு வந்துவிடும். கிழங்கு வராவிட்டால் அதைப் பிடுங்கியதாகவே அவள் ஒத்துக்கொள்ளமாட்டாள். பதின்மூன்று வருடமாகக் குந்தியபடியே அந்த அரை ஏக்கரையும் சுற்றிச்சுற்றி வந்திருக்கிறாள்.

அவள் பிறந்தது பெண்ணாடம் பக்கம். கரும்புக் காட்டில் களையெடுத்து வளர்ந்தவள். தங்கராசுவைக் கட்டிக்கொண்டு குடிகாட்டுக்கு வந்த பிறகும் அடுத்தவர் நிலத்தில் நடவு, களை, அறுப்பு. போன இடமெல்லாம் ‘ஏய்’ என்றுதான் கூப்பிட்டார்கள். பவானி மஹாலில்தான் ‘இருசம்மா’ என்று பெயர் சொன்னார்கள், புடவைக்கு மேலே போட்டுக்கொள்ளப் பச்சைச் சட்டை ஒன்று கொடுத்தார்கள். கரும்பை வெட்டிக்கொண்டு போய்விடுவார்கள், நெல்லை அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவள் கைபட்டு வளர்ந்தது எதுவும் அவள் கண்முன்னால் தங்கியதில்லை. இந்தப் புல்தான் தங்கியது. அதனால்தான் அவள் லீவு போட்டதில்லை. காய்ச்சலோடு வருவாள். தீபாவளியன்று கூட ஒரு நடை வந்து தண்ணீர் விட்டுவிட்டுத்தான் வீட்டில் பலகாரம் தின்பாள்.

மகள் அறிவுமதி இதற்கு நேரெதிர். இருபத்தாறு வயது, சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். மாலை ஐந்து அடித்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து போன் வந்தால், “இன்னிக்கி லீவு சார், நாளைக்கி வந்து பாக்கறேன்” என்று நிதானமாகச் சொல்லிவிட்டுத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்வாள். பக்கத்தில் இருக்கிற இருசம்மாள் விடமாட்டாள்.

“மொதலாளி கூப்புட்டா போவமாட்டியாடி? வேற ஆளப் போட்டுட்டா?”

“போட்டா வேற எடம் பாத்துக்கறேன். அது வேலைம்மா. அதுக்கு என் ஞாயித்துக்கெழமையையும் சேத்து ஏன் குடுக்கணும்?”

“ஒடம்பு வளையாத பேச்சுடி இது.”

“ஒன் ஒடம்பு வளைஞ்சது ரெண்டு பேருக்கும் போதும்.”

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. சண்டை தீராததற்கும் அதுதான் காரணம்.

சிதம்பரத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கிற சேரனுக்கு அறிவுமதியைப் பேசி முடித்தார்கள். சேதி கேட்ட மறுநாள் மண்டபத்து மேனேஜர் காசிநாதன் இருசம்மாளைக் கூப்பிட்டார்.

“இருசம்மா, ரிசப்ஷன நம்ம லான்லயே வச்சிக்க. மொதலாளியே சொல்லிட்டாரு. நீ வளத்த புல்லு, ஒம் பொண்ணு நிக்காம வேற யாரு நிக்கறது?”

இத்தனை வருடமாக அடுத்தவர் பெண்களை அந்தப் பச்சையில் நிற்கவைத்துப் படம் எடுக்கும்போதெல்லாம், அந்த இடத்தில் தன் பெண்ணை மனத்துக்குள் நிறுத்திப் பார்த்துக்கொண்டவள் இருசம்மாள். யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வாழ்க்கையில் அவள் ஆசைப்பட்டது அந்த ஒரு படத்துக்குத்தான். அன்று முதல்முறையாகப் பொழுது சாயும் முன்பே வீட்டுக்கு ஓடினாள்.

அறிவுமதி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, “வேணாம்மா. சிதம்பரத்துலயே சின்ன ஹாலாப் பாத்துக்கலாம்” என்றாள்.

இருசம்மாளுக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. சம்பந்தி வீட்டார் முன்னால், புல் பிடுங்குகிறவள் மகள் என்று தெரிவது இவளுக்குக் கேவலமாக இருக்கிறது என்று முடிவுகட்டினாள். இரண்டு நாள் மகளோடு பேசவில்லை. தட்டு வைக்கிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் பேசினாள். கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை பார்க்கிற தங்கராசு, “ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒக்காந்து திங்கறதுக்கு நான் கேன்டீன்லயே தின்னுட்டு வந்துடுவேன்” என்று புலம்பினார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் இருசம்மாளால் அடக்க முடியவில்லை.

“என்னச் சொல்லிக்க ஒனக்கு வெக்கமா இருக்குதாடி?”

“வெக்கமா? அவுங்க பொண்ணு பாக்க வந்தன்னிக்கே, எங்கம்மாதான் அந்த லானப் பாத்துக்கறாங்கன்னு நான்தான் மொதல்ல சொன்னேன். அவரு திரும்பிப் போவசொல்ல வண்டிய நிறுத்தி ஒன் புல்லப் பாத்துட்டுத்தான் போனாரு.”

“அப்பறம் என்னாத்துக்கு வேணாங்கற?”

அறிவுமதி சுவரைப் பார்த்தாள். பத்தாம் வகுப்பில் கணக்குக்காக அவள் கோப்பை வாங்குகிற படம் அங்கே மாட்டியிருந்தது.

“அன்னிக்கி நீ வந்தியே, ஞாபகம் இருக்குதா?”

“இல்லாம? மொத வரிசையில ஒக்காந்து பாத்தேனே.”

“ஒக்காந்திருந்த. என் பேரக் கூப்புட்டதும் மேடையிலேந்து ஒன்னத்தான் தேடினேன். நீ குனிஞ்சி கால்கிட்ட இருந்த கோரையப் புடுங்கிகிட்டு இருந்தம்மா. எல்லாரும் கைதட்டி முடிச்சப்பறந்தான் நிமிந்த.”

இருசம்மாள் மறுக்கத்தான் வாயைத் திறந்தாள். அந்தப் பள்ளிக்கூட மைதானம் முழுக்கக் கோரை மண்டிக் கிடந்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மகள் கோப்பை வாங்கியதை எத்தனையோ பேரிடம் நேரில் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறாள். யோசித்தால், சொன்னதெல்லாம் சுவரில் இருக்கிற படத்தைப் பார்த்துத்தான்.

“அந்த லான்ல நான் மேடையேறி நின்னா நீ என்னப் பாக்கவே மாட்ட. எவ ஹீல்ஸ் போட்டுகிட்டு வரா, எவன் ஜூஸக் கொட்டறான்னு கீழதான் பாப்ப. அன்னிக்கி ஒரு நாளு நீ என்னப் பாக்கணும்மா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

இருசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பத்துப் பதினோரு வருடமாக ஒரு பிள்ளை இதைச் சொல்லாமல் வைத்திருந்ததே என்று அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, “பாக்கறேன்டி. ஒன்னத்தான் பாப்பேன். சத்தியமா” என்றாள்.

“அப்ப ரிசப்ஷனுக்கு முன்னாடி அஞ்சு நாளு லீவு போடு. அஞ்சு நாளும் புல்லு பக்கமே போவக் கூடாது. அதுக்கு ஒத்துகிட்டா அங்கயே வச்சிக்கலாம்.”

லீவு கேட்டதும் காசிநாதன், உடம்புக்கு என்ன என்றுதான் முதலில் விசாரித்தார்.

முதல் நாள் இருசம்மாள் வாசலை மூன்று தடவை கூட்டினாள். இரண்டாம் நாள் தெருவில் இருந்த களையை எல்லாம் பிடுங்கிப் போட்டாள். அறிவுமதியும் லீவுதான். மூன்றாம் நாள் அம்மாவை இழுத்துக்கொண்டு போய்ச் சிதம்பரத்துக் கடைவீதியில் வளையல் வாங்கினாள், ஹோட்டலில் ரவா தோசை வாங்கிக் கொடுத்தாள். நான்காம் நாள் மத்தியானம் இருசம்மாள் படுத்துத் தூங்கிவிட்டாள். எழுந்து வெளிச்சத்தைப் பார்த்து, என்னவோ தப்பு செய்துவிட்டவள் மாதிரி பதறினாள். ஐந்தாம் நாள் அறிவுமதி அம்மாவின் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வெடிப்புகளில் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டாள். அந்தக் கையை இத்தனை நேரம் ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தது அதுதான் முதல் தடவை. இருசம்மாளுக்கு அது பிடித்திருந்தது. வெளியே சொல்லவில்லை.

வரவேற்பன்று பொழுது சாய்கிற நேரத்தில் விளக்குகள் எரிந்தன. இருசம்மாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். சாப்பாட்டுக்காரர்கள் மேசையைத் தூக்காமல் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தத்துக்குக் கூட அவள் திரும்பவில்லை. ஜரிகைப் புடவையில் சிரித்துக்கொண்டிருந்த மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க, இவ்வளவு அழகான பெண்ணா நமக்குப் பிறந்தாள் என்று இருந்தது.

கூட்டம் கொஞ்சம் ஓய்ந்ததும் அறிவுமதி மேடையிலிருந்து இறங்கிப் படக்காரரிடம் வந்தாள்.

“அம்மாகூட எடுக்கற படம் மேடையில வேணாம். புல்லு மேல நிக்கவச்சி எடுங்க.”

இருசம்மாள் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு மகள் பக்கத்தில் போய் நின்றாள். “அம்மா, இங்க பாருங்க” என்றார் படக்காரர். பார்த்தாள். பார்த்த கண் கீழே போனது. கட்டைவிரலுக்குப் பக்கத்தில், மற்ற புல்லுக்கு மேலே விரல் உயரம் எழும்பி, ஒற்றைக் கோரை. சரியாக அவள் வராத ஐந்து நாள் வளர்த்தி.

“அம்மா, நிமிருங்க.” நிமிர்ந்தாள். மறுபடி கண் கீழே போனது. “அம்மா, கேமராம்மா!” மூன்றாவது தடவை சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இருசம்மாளுக்கு உடம்பு கூசியது. பள்ளிக்கூடத்தில் செய்ததையே இங்கேயும் செய்துவிட்டோமே என்று கண் கலங்கிவிட்டது. மகள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அறிவுமதி கோபப்படவில்லை. பூச்செண்டைச் சேரன் கையில் கொடுத்தாள். மல்லிகைப்பூ சுற்றிய கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவினாள். ஜரிகைப் புடவையை முழங்காலுக்கிடையில் சேர்த்துக்கொண்டு குந்தினாள். தண்டை அடியில் பிடித்து, பக்கத்தில் ஊசியைக் குத்தி, அரைத் திருப்பு திருப்பி நெம்பினாள். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. பள்ளிக்கூட விடுமுறை நாட்களில் அம்மா பக்கத்தில் குந்தியிருந்த பிள்ளை அது. மண்ணை உதறிவிட்டு, அம்மாவின் வலது கையை விரித்து அதில் வைத்து, விரல்களை மூடினாள்.

“இந்தா, கெழங்கோட வந்துடுச்சி. இப்ப என்னப் பாரு.”

இருசம்மாள் பார்த்தாள். படக்காரர் கேமராவைப் பார்க்கச் சொல்லிச் சொல்லிச் சலித்து, அப்படியே எடுத்துவிட்டார்.

அந்தப் படம் இப்போது குடிகாட்டு வீட்டுச் சுவரில், கோப்பை வாங்குகிற படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அறிவுமதி கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். இருசம்மாள் அறிவுமதியைத்தான் பார்க்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள், கையை ஏன் அப்படி இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறாய், உள்ளே என்ன வைத்திருந்தாய் என்று கேட்பார்கள். “கோரை” என்பாள் இருசம்மாள். யாரும் நம்புவதில்லை.