அத்தையின் கோழி கூவியபோது

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் கோழிக்குச் சீக்கு என்றால் எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் என்னிடம் வந்து கேட்காத வீடு கிடையாது. அப்படிப்பட்ட எனக்கே ஒரு கோழி இன்னதென்று பிடிபடாமல் போயிற்று. அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும்.

அது அத்தையின் கோழி. அத்தை என் அப்பாவுக்குத் தங்கை. செங்கம் பக்கம் வாழப் போனவள். பிள்ளை இல்லையென்று அங்கே புருஷனுக்கு இன்னொருத்தியைக் கட்டிவைத்ததும், ஒரு துணி மூட்டையோடும் ஒரு கறுப்புக் கோழியோடும் திரும்பி வந்துவிட்டாள். அவளுக்கு மேலுதட்டில் லேசாக மீசை இருக்கும். தெருப் பெண்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அம்மா சிரிக்க மாட்டாள். ஆனால் அத்தைக்குச் சோறு போடும்போது மட்டும் கரண்டிச் சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியாகக் கேட்கும்.

அந்தக் கோழி நன்றாக முட்டை விட்டுக்கொண்டிருந்தவரை அம்மாவும் பொறுத்துக்கொண்டாள். பிறகு முட்டை நின்றது. அடைக்கு உட்காரப்போகிறது என்று நினைத்தோம், உட்காரவில்லை. கொண்டை தடித்துச் சிவந்தது. வால் இறகு நீண்டு வளைந்தது. இறக்கையைத் தரையில் தேய்த்துக்கொண்டு மற்றப் பெட்டைகளைத் துரத்தி மேலே ஏறியது. பக்கத்து வீட்டுச் சேவல் வந்தால் கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு சண்டைக்கு நின்றது. யாராவது மாற்றிவிட்டார்களோ என்று நான் பிடித்துப் பார்த்தேன். முள்வேலியில் கிழித்த பழைய தழும்பு காலில் அப்படியே இருந்தது. அதே கோழிதான். அப்படியானால் உள்ளே இருப்பது யார்? முட்டை விட்டதெல்லாம் அதற்கு ஞாபகம் இருக்குமா? யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை.

இப்போது வேங்கிக்காலில் மகன் வீட்டில் இருக்கிறேன். மருமகள் வளர்க்கும் கோழிகளுக்கு ஊசி போட வந்த டாக்டர் பெண்ணிடம் போன மாதம்தான் இதைக் கேட்டேன். "முட்டைப்பை கெட்டுப்போனா பெண் ஹார்மோன் கம்மியாயிடும்மா, ஆண் ஹார்மோன் தலைதூக்கும். அது ரத்தத்துல மூளைக்கும் போகுதில்ல, நடத்தையும் மாறிடும். மனுஷங்களுக்கும் அது ஜாஸ்தி கம்மி ஆவறது உண்டு" என்று சொல்லிவிட்டு அடுத்த கோழியைப் பிடித்தாள்.

அன்றைக்கு இதெல்லாம் யார் கண்டது? ஒரு விடியற்காலை அது கூரைமேல் ஏறி நின்று கூவியது. பெட்டை கூவினால் வீட்டு ஆம்பளைக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் ஒரு பயம். அம்மா அடுப்பைப் பற்றவைக்கவில்லை. அந்தக் கோழி உயிரோடு திரும்பி வரக் கூடாது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். மாரியம்மனுக்கு வெட்டிக் கொடுத்துவிட்டால் தோஷம் போய்விடும் என்று அப்பா காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு கிளம்பினார். நான் பின்னால் ஓடினேன். எனக்குப் பின்னால் அத்தை வந்தாள்.

பூசாரி கோழியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "இன்னாய்யா, பொட்டையக் கொண்டாந்திருக்க? ஆத்தா சேவல்தான் வாங்குவா."

"இது கூவுதுங்க, தோஷம் போவணும்" என்றார் அப்பா.

"கூவுதுன்னா சேவல்தானே? சேவல் கூவுனா இன்னாய்யா தோஷம்? வூட்டுக்கு எடுத்துனு போ."

அப்பா கோழியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கிரிவலப் பாதையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து நியாயம் பேசினார்கள். கொண்டையைப் பார் என்றார் ஒருவர். கொண்டை கிடக்கட்டும், முட்டை விட்டதை நீ பார்த்தாயா என்றார் இன்னொருவர். "பேசாம காலேஜுக்கு அனுப்பு, அவங்க கண்டுபிடிக்கட்டும்" என்று ஒரு ஆள் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. சாமிக்கு வேண்டாமென்றால் போகட்டும், நானே அறுத்து எறிகிறேன் என்று கத்தி கேட்டார். யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அதுவரை வாய் திறக்காத அத்தை கிட்டே வந்தாள். சத்தம் போடவில்லை.

"முட்டை வுடாததை எல்லாம் அறுத்துடறதாண்ணா?"

சிரிப்பு நின்றுவிட்டது. அப்பா கத்தியைப் பிடித்தபடி நின்றார். அத்தையின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை, கோழியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கத்தியால் காலில் கட்டியிருந்த கயிற்றை மட்டும் அறுத்தார். கத்தியைக் கொடுத்துவிட்டு, கோழியைக் கைக்குள் அணைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

அவ்வளவு பேர் கூடி ஒன்றும் முடிவாகாதது எனக்குத் தாங்கவில்லை. அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு பின்னால் வந்தாள். நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்து, இது சேவலா பெட்டையா, ஒன்று சொல்லு என்று கேட்டேன்.

"நம்ம வூட்டுதுடி. அவ்ளோதான், வா."

கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. இவ்வளவு பெரிய மனிதருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று வீடு வந்து சேரும்வரை எனக்கு அப்பாமேல் கோபமாக இருந்தது.