ரிவ்யூ பீஸும் ஆர்டர் பீஸும்

1. கேமரா வந்த நாள்

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து, அடுத்தவன் மெஷினில் குனிந்து, இன்று சொந்தமாகத் தோல் பைப் பட்டறை வைத்திருக்கிறேன். தோளில் மாட்டும் பட்டையின் தையலில் என் பட்டறையை மிஞ்ச இந்தப் பம்பாயில் ஆள் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்வேன். மற்றவன் சொல்வான் என்று காத்திருந்தால் பிழைக்க முடியாது.

இப்போது நம் பிள்ளைகள் சொந்த பிராண்ட் தொடங்கி, ப்ளாகர்களுக்கு ஓசியில் பை அனுப்புகிறார்கள். அவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அந்தேரியில் ஒரு கம்பெனிக்கு லேப்டாப் பை தைத்துக் கொடுத்தேன். தையல் நம்முடையது, லேபிள் அவர்களுடையது. பட்டறையில் பாதிப் பேருக்கு மேல் அந்த ஒரு ஆர்டரை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. கம்பெனியின் மார்க்கெட்டிங் பையன் நிகில் ஒருநாள் போன் செய்தான்.

"சாச்சா, ஒரு தமிழ் மேடம் ரிவ்யூ எழுதுவாங்க. பீஸ் ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்கணும்."

இது எல்லாப் பட்டறையிலும் உள்ள வழக்கம். ரிவ்யூ பீஸ் என்றால் வடு இல்லாத தோலாகப் பார்த்து வெட்டுவோம். கைதேர்ந்த ஆள்தான் தைப்பான். என்னிடம் அது இசக்கி. பட்டையைப் பையோடு பிடித்து நிறுத்தும் ரிவெட்டுக்கு என் சொந்தப் பித்தளையைப் போட்டேன். கடைக்குப் போகும் ஆர்டர் பீஸுக்கு இத்தனை பார்ப்பதில்லை.

பை வாங்க வந்த ரிவ்யூ மேடம் ரேவதி, செம்பூர்க்காரி, போனை நீட்டி வீடியோ எடுத்துக்கொண்டே கேட்டாள். "பாய், இதுல எதெல்லாம் உங்க வேலை?"

எனக்கும் உற்சாகம். "ஊசியில இருந்து ரிவெட் வரைக்கும் நம்ம கை, நம்ம சரக்கும்மா. பட்டை அறுந்தா என் கைய வெட்டிருங்க."

மெஷினை நிறுத்திவிட்டு இசக்கி முணுமுணுத்தான். "பாய், கைய அடகு வைக்கிறதுக்கு முன்ன ஆர்டர் பீஸைப் பாருங்க."

"நீ வேலையப் பாருலே," என்றேன்.

2. தகரம்

ரேவதியின் வீடியோவும் எழுத்தும் நன்றாக ஓடின. கம்பெனிக்கு ஆர்டர் கொட்டியது. ரிவெட்டை இனி தாங்களே தருவதாகச் சொல்லி மூட்டை அனுப்பினார்கள். கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. தகரம். மேலே பித்தளை நிறத்தில் முலாம்.

"நிகில், லேப்டாப் வெயிட்டை இது தாங்காதுப்பா."

"காஸ்ட் கட்டுப்படியாகணும் சாச்சா. டென்ஷன் எதுக்கு? உங்க பேரா லேபிள்ல இருக்கு?"

லேபிளில் என் பெயர் இல்லைதான். ஆனால் என் மூஞ்சி வீடியோவில் இருந்தது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் பட்டைகள் கழன்றன. முலுண்டில் ஒருத்தர் ரயிலேறும்போது பை கீழே விழுந்து லேப்டாப் போய்விட்டது. பை வாங்கினவர்கள் கம்பெனியை விட்டுவிட்டு ரேவதியைப் பிடித்தார்கள். அவள் எழுதியதற்குக் கீழே திட்டு. நடுவில் என்னைப் பற்றியும் கேலி. 'பாய் கையை எப்ப வெட்டப் போறீங்க?' என்று ஒருவன். 'ரெண்டு கையா, ஒரு கையா?' என்று இன்னொருவன். இசக்கிதான் வாசித்துக் காட்டினான். முதலில் சிரித்தான். பிறகு வாசிப்பதை நிறுத்திவிட்டான்.

3. செம்பூர் வீடு

பித்தளை ரிவெட் ஒன்று, தகர ரிவெட் ஒன்று, இரண்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ரேவதி வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. மிக்ஸி, ஹேர் டிரையர், குக்கர் என்று பிரிக்காத பெட்டிகள் சுவரோரம் கூரை வரை நின்றன. டீ கொடுத்தாள்.

"இந்தக் கப்பும் ரிவ்யூவுக்கு வந்ததாம்மா?"

"கப்பு, தட்டு, நீங்க உக்காந்திருக்கிற பாயும்தான், பாய்." சிரித்தாள். "பெட்டி பிரிக்காததை வித்துருவேன். பிரிச்சா பாதி விலைதான். எங்க வீட்டுக்காரருக்கு வேலை போனதுல இருந்து இதுலதான் வாடகை ஓடுது."

ரிவெட் இரண்டையும் அவள் கையில் வைத்து, அவள் பை ஏன் அறவில்லை, வாங்கினவர்கள் பை ஏன் அறுந்தது என்று விளக்கினேன். தகரத்தைச் சுவரில் உரசினாள். முலாம் போய் வெள்ளை தெரிந்தது.

"இதை அப்படியே எழுதும்மா. என் தையல்ல குத்தமில்லைன்னு நாலு பேர் அறியட்டும். இல்லைன்னா கம்பெனி பழியை என் தலையில போட்டு ஆர்டரைப் பிடுங்கிருவான்."

"காலையிலேயே நிகில் பேசினார் பாய். என்ன எழுதணும்னு அவங்களே அனுப்பிட்டாங்க."

"என்னன்னு?"

"கோளாறு பட்டறையில. பட்டறையை மாத்தியாச்சு. வீடியோவை அழிக்க வேண்டாமாம்." நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள். "ரிவெட் வரைக்கும் உங்க சரக்குன்னு நீங்களே சொல்லியிருக்கீங்களே."

"அது உனக்குத் தந்த பீஸைச் சொன்னது."

"எனக்குத் தெரியுது பாய். ஆனா ஒரு கம்பெனியைக் கிழிச்சு எழுதினா மத்த கம்பெனியும் அனுப்பாது. இந்தச் சுவர் காலியாயிரும்."

வாசல் வரை வந்தாள். நான் செருப்பு மாட்டும்போது "மன்னிச்சிருங்க பாய்" என்றாள்.

4. அதற்குப் பிறகு

நிகில் கொடுத்ததை அவள் அப்படியே எழுதினாள். ஆர்டர் போயிற்று. வேறு கம்பெனிகளைத் தேடிப் போனால், வாசலிலேயே "வீடியோ பாய்தானே நீங்க?" என்கிறார்கள். ஆட்களை ஒவ்வொருவராக அனுப்பினேன். இசக்கி கடைசி. இப்போது பாண்டுப்பில் ஒரு கட்டிடத்துக்கு வாட்ச்மேன். தோல் வெட்டிப் பழகிய கை, கேட் திறந்து மூடுகிறது. பார்க்கப் போனபோது அவன் கம்பெனியையும் திட்டவில்லை, ரேவதியையும் திட்டவில்லை.

"எந்தப் பீஸைக் காட்டிச் சொன்னோம்னு யாரு பாய் பாக்கப் போறா? சொன்ன வாயைத்தான் பாப்பாங்க," என்றான்.

பிராண்ட் தொடங்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ரிவ்யூவுக்கென்று தனிப் பீஸ் தைக்காதீர்கள். கடைக்குப் போகும் குவியலில் கைவிட்டு, வந்ததைக் கொடுங்கள். அடுத்தவன் போடும் சரக்குக்கு உங்கள் வாயைக் கொடுக்காதீர்கள். எழுதுகிறவர் நல்லவரா கெட்டவரா என்று ஆராய்வதும் வீண். ரேவதி நல்ல பெண்தான். அவளுக்கும் வாடகை இருக்கிறது.

என் பட்டைத் தையல் இன்றைக்கும் அறாது. அதைச் சொல்லத்தான் பட்டறையில் ஆள் இல்லை.