நரிக்கு வைத்த நஞ்சு

வவுணதீவு வயல் வரம்பில் செத்துக் கிடக்கும் நரியைக் கண்டதும் பேருந்திலிருந்து இறங்கிவிடுகிறேன். விவசாயிகளிடம் எடுத்துச் சொன்னால் நரிகள் பிழைத்துவிடும் என்று, விலங்கியல் படித்த எனக்கு அந்தக் கணத்தில் தோன்றுகிறது.

நரி தின்று மிச்சம் விட்ட கன்றில் நஞ்சு தடவி வைத்தவர், வயலோரம் மாட்டுப்பட்டி வைத்திருக்கும் பாக்கியம் அக்கா. இப்போது அந்தக் கன்றைப் புதைத்துக்கொண்டிருக்கிறார்.

“நரி இல்லாட்டி எலி பெருகி வேளாண்மையை வெட்டிப்போடும், அக்கா.”

“எலி வெட்டினாலும் மிச்சம் கிடக்கும், மனே. இந்தக் கண்டுக்குட்டி பாதி வெளிய வரக்குள்ளயே நரி பிச்சுப்போட்டுது. பசு எழும்ப ஏலாமக் கிடந்து கத்தினது உன்ட புத்தகத்தில இருக்கா?”

இல்லை. அதில் நரிகளின் வயிற்றில் கண்ட எலிகளின் கணக்குத்தான் இருக்கிறது.

“மத்தப் பசு ரெண்டு நாளையில ஈனும். நீ வந்து காவல் இரு. நான் நரிக்கு மருந்து வைக்க மாட்டன்.”

மருந்துப் போத்தலை அவர் எறியவில்லை. மூடி, காவல் குடிலான வாடியின் கூரையில் செருகுகிறார். நாளை பட்டியைச் சுற்றி அடைக்கக் கம்பிவலையோடு வருகிறேன். பிறக்கப்போகும் கன்று எழுந்து நிற்கும்வரை காவல் இருப்பேன்.