நல்லமுத்து அண்ணன் காட்டிய கடல்

மல்லசமுத்திரம் பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் டிரில்லர் நல்லமுத்து அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதியோர் வகுப்பில் இந்த ஆண்டுதான் படிக்கக் கற்றேன். அண்ணன் போன செய்தியை யாரும் சொல்லாமல் நானே தெரிந்துகொண்டேன்.

அவரோடு ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள் இன்னும் சிலர் இருக்கிறோம். நமக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

குழியிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்ததும் முதல் கை தண்ணீர் அண்ணனுக்கு. வாயில் வைத்துப் பார்த்த பிறகுதான் நல்ல தண்ணீரா, உப்பா என்று கிணறு போடச் சொன்ன தோட்டக்காரருக்குச் சொல்வார். "நாக்குல வெக்காம தண்ணிக்குப் பேரு வெக்காதீங்க" என்பார்.

எண்பதுகளில் ஒரு பொங்கலுக்கு வங்காளத்தில் மாட்டிக்கொண்டோம். கம்ப்ரசர் பழுது; மாற்றுச் சாமான் ஊரிலிருந்து வர வேண்டும். எங்களோடு வேலை செய்த மாரப்பனும் இன்னும் இருவரும் ஊருக்குப் போக மூட்டை கட்டிவிட்டார்கள். மூவரும் போனால் வண்டி ஓடாது. அண்ணன் கெஞ்சவில்லை.

"ஊட்டுக்குப் போறவங்க போங்க. நாளைக்கு ஒரு நாள் மட்டும் இருங்க, கடலைக் காட்டறேன்" என்றார்.

எங்களில் ஒருவரும் கடலைப் பார்த்ததில்லை. அவரும்தான்.

மறுநாள், ஆறு கடலில் சேரும் இடம் வரை மக்களைச் சுற்றிக் காட்டும் பழைய நீராவிக் கப்பலில் ஏறினோம். இரண்டு பக்கமும் வீட்டு உயரச் சக்கரங்கள் தண்ணீரை வாரித் தள்ளின. நடுப்பகலில் கரைகள் மறைந்தன. கப்பல்காரர் இதுதான் கடல் என்று கையைக் காட்டினார். தண்ணீரோ சேற்று நிறம்.

மாரப்பன் சிரித்தான். "மோகனூர் ஆத்துல வெள்ளம் வந்தாப்பல இருக்குதுங்கண்ணா. இதுக்குத்தான் பொங்கலை உட்டமுங்களா?"

கப்பல் திரும்பத் தொடங்கியது. அண்ணன் சக்கரத்துப் பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சக்கரம் இறைத்த தண்ணீர் முகத்தில் அடித்தது. கண்ணை மூடி உதட்டை நக்கினார். நாங்கள் தோட்டக்காரர்களைப் போல அவர் வாயையே பார்த்தோம்.

"உப்புங்க சாமி. கடலேதான்."

மாரப்பன் ஓடிப்போய் நாக்கை நீட்டினான். பிறகு நாங்கள் எல்லாரும். கப்பலில் வந்தவர்கள் கடலை விட்டுவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். அண்ணன் மீசையில் தண்ணீர் சொட்ட, கடலையே தோண்டி எடுத்தவர் போல நிமிர்ந்து நின்றார்.

அன்று மாலையே மூட்டைகளைப் பிரித்தார்கள். அந்த சீசன் முடியும்வரை அவர் வண்டியிலிருந்து ஒருவரும் இறங்கவில்லை.

இப்போது ஒவ்வொரு சொல்லையும் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அவர் கொடுத்த பழக்கம். கடல் என்று எழுதும்போது உதட்டில் உப்பு இருக்கிறது.