அம்மாவின் சுருதிக்கு இறங்கினேன்

ஜனாஸா ஊர்வலம் ஒன்று எங்கள் சபை வாசலைக் கடந்து போனபோதுதான் என் ஜெபத்துக்குப் பதில் வந்தது. கல்முனையில் எங்கள் கிறிஸ்தவ சபை இருப்பது முஸ்லிம்களை அடக்கும் மையவாடிக்குப் போகும் வீதியில். ஜனாஸா வந்தால் பாட்டின் நடுவிலும் ஸ்பீக்கரை நிறுத்திவிடுவோம். அன்றும் நிறுத்தினோம். என் கை கீபோர்டை விட்டது. அந்த அமைதியில் ஒரே ஒரு குரல் மட்டும் மெல்லப் பாடிக்கொண்டிருந்தது. என் அம்மா! அப்பா போனபிறகு நான் கேட்காத குரல்.

பிரியமானவர்களே, அப்பா பெரியநீலாவணைக் கடலில் தொழிலுக்குப் போனவர். தோணி மட்டும் கரைக்கு வந்தது. அன்றிலிருந்து அம்மா பாடவில்லை, ஜெபிக்கவும் இல்லை. சபைக்கு வருவார், இருப்பார், போவார். நான் இசையைக் கூட்டினேன். வேகமான தாளம், உயர்ந்த சுருதி. "ஆண்டவரே, என் வாசிப்பால் அம்மாவின் வாயைத் திறவும்" என்று கெஞ்சினேன்.

ட்ரம்ஸ் வாசிக்கும் நண்பன் பகிடி பண்ணுவான்: "டேய், நீ ஞானஸ்நானம் எடுத்திட்டாய், உன்ட கீபோர்ட் இன்னும் எடுக்கல்ல. அது ஆருட சொல்லையும் கேக்குதில்ல."

சிரிப்பேன். அம்மாவின் வாய் திறக்கவில்லை. கடைசியில் எனக்கே ஜெபம் வராமல் போனது.

ஜனாஸா போனதும் ஸ்பீக்கரைப் போட எழும்பினார்கள். வேண்டாம் என்று கை காட்டினேன். அம்மாவின் சுருதி என்னுடையதைவிட மிகவும் கீழே, அழுது களைத்த இடத்தில் இருந்தது. கீபோர்டின் சின்னச் சத்தத்திலேயே தட்டித் தட்டித் தேடி அங்கே இறங்கினேன். அம்மா நிறுத்தவில்லை. சபை முழுதும் அவர் பின்னால் பாடியது. பாட்டின் நடுவில் அப்பாவின் பெயரைச் சொல்லி, "கர்த்தாவே" என்று வாய்விட்டு அழுதார்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன்: "ஏனம்மா இவ்வளவு நாளும் பாடல்ல?"

"உன்ட உசரத்துக்கு எனக்கு ஏற ஏலா மனே. அந்தச் சத்தத்துக்குள்ள அழவும் ஏலா. இண்டைக்கு அந்த ஜனாஸா வீட்டுப் பொம்பிளயளும் என்னப்போலதானே இருப்பாங்க எண்டு நினைச்சன். வாய் தன்பாட்டில பாடிற்று."

ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார், என் வாசிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். இசையும் அவருடைய வேலைக்காரன்தான். அவர் நில் என்றால் நிற்க வேண்டும்.

அப்பா வரவில்லை. அம்மா இன்னும் கடற்கரைப் பக்கம் போவதில்லை. ஆனால் விடியலில் அவர் ஜெபிக்கும் சத்தம் கேட்கிறது. உங்கள் வீட்டிலும் துக்கத்தால் மூடிய வாய் இருந்தால், ஆண்டவரிடம் கேளுங்கள். எப்படித் திறப்பது என்பதை அவரிடமே விடுங்கள்.

பக்கத்து ஊரான சவளக்கடையில் பிள்ளையை இழந்த ஒரு குடும்பம் இருக்கிறது. இந்தக் கிழமை அம்மாவோடு போகிறேன், கீபோர்ட் இல்லாமல், வெறுங்கையோடு. அவர்கள் பாடினால் கூடப் பாடுவேன். அழுதால், பேசாமல் பக்கத்தில் இருக்கப் பார்ப்பேன்.