கண்டக்டர் வந்த பக்கம்

அந்துருண்டை வாசனை வந்தால் எல்லோருக்கும் பழைய பட்டுப்புடவை ஞாபகம் வருமாம். எனக்குக் கதைப் புத்தகம்தான் வரும்.

ஓசூர் பக்கம் எங்கள் அரசுப் பள்ளியில், நாலாம் வகுப்பு மூலையில் ஒரு பச்சை பீரோ. உள்ளே படக்கதைப் புத்தகங்கள், நடுநடுவே அந்துருண்டை. சாவி டீச்சரின் கைப்பையில்.

இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு மட்டும்தான் அது திறக்கும். காலையிலேயே குழாயடியில் வரிசையாக நின்று சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஈரம் காயக் கையை வெயிலில் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு ஆளுக்கொரு புத்தகம். அதிகாரி வரும்போது நாங்கள் படித்துக்கொண்டிருப்போம். அவர் டீ குடிக்கப் போனதும் எல்லாம் பீரோவுக்குள்...

என் இடத்துக்கு ஒவ்வொரு முறையும் வந்த புத்தகத்தில் ஓர் ஆடு டவுன் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரமாக உட்காரும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயது. முதல் இன்ஸ்பெக்‌ஷனில் நாலு பக்கம். அடுத்ததில் ஏழாம் பக்கம் வரை போனேன். கண்டக்டர் வந்து ஆட்டிடம் டிக்கெட் கேட்கிறார்...

டீச்சர் வாங்கிக்கொண்டார்.

பக்கத்தில் உட்காரும் மஞ்சுளாவுக்கு வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ். "ஆடு எங்கடி டிக்கெட் எடுக்கும்? எறக்கி உட்டிருப்பாரு" என்றாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

கடைசியில் டீச்சரிடமே போய் நின்றேன்.

"மிஸ், ஊட்டுக்கு எடுத்துனு போய் படிச்சிட்டு நாளைக்கே தரேன் மிஸ்."

"கிழிஞ்சா யாரு பதில் சொல்றது? உங்கம்மா வந்து சொல்லுமா?"

அம்மா அப்போது கம்பெனியில் ஷிப்டுக்கு நின்றுகொண்டிருந்தார். எதற்கும் பள்ளிக்கு வர முடியாதவர் என்று டீச்சருக்கு நன்றாகவே தெரியும்.

எங்கள் கையில் தாராளமாகப் புழங்கிய ஒரே புத்தகம் ஓர் அட்லஸ். அதற்கு அட்டை கிழிந்துவிட்டது. கிழிந்ததை பீரோவில் வைத்தால் அதிகாரி கேள்வி கேட்பார். அதனால் எங்களிடம் விட்டுவிட்டார்கள். ஆப்பிரிக்கா தனியாகக் கழன்று வரும்வரை படித்தோம்.

அடுத்த வருடம் ஐந்தாம் வகுப்பு. வேறு வரிசை, வேறு புத்தகம். ஆடு போயே போய்விட்டது.

இப்போது குழந்தைகளுக்குப் படக்கதை எழுதுகிறேன். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன். சாப்பிட்டுக்கொண்டே படிப்பேன். என் புத்தகங்களில் சாம்பார்க் கறை இல்லாதது குறைவு. நண்பர்கள் திட்டுவார்கள்.

சிலர் உருகவும் செய்வார்கள். அந்த ஏக்கம்தான் உன்னை எழுத்தாளர் ஆக்கியதாம். எரிச்சலாக வரும். மஞ்சுளாவுக்கும் அதே பீரோதானே? இன்று அவள் கம்பெனி லைனில் நிற்கிறாள். படிப்பதெல்லாம் பெட்டியில் ஒட்டும் லேபிள். ஏக்கம் அவளை என்ன ஆக்கியது?

போன மாதம் அதே பள்ளியில் பேசக் கூப்பிட்டார்கள். கட்டடம் புதுசு, டைல்ஸ் போட்டிருக்கிறார்கள். பீரோவும் புதுசு. இப்போதிருக்கும் டீச்சர் பெருமையாகத் திறந்து காட்டினார். நான் போன வருடம் கொடுத்த என் புத்தகங்கள்.

"பாருங்க மேடம், ஒரு கறை இல்ல. அப்படியே வச்சிருக்கோம்."

அதே வாசனை.

போட்டோவுக்காகப் பிள்ளைகள் கையில் புத்தகத்தைக் கொடுத்தார்கள். எடுத்து முடித்ததும் டீச்சர் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டே வந்தார். என் பக்கத்தில் நின்ற சிறுமி மட்டும் விடவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்:

"அக்கா, கடைசில இன்னா ஆச்சுக்கா?"

சொல்லியிருக்கலாம். நான் எழுதிய கதைதானே. அதற்குப் பதில் டீச்சரிடம், இதை இவளே வைத்துப் படிக்கட்டும் என்றேன். இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும் மேடம் என்றார், மிகுந்த மரியாதையோடு.

அவள் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினேன். அட்டையைப் பாதி வரை கிழித்தேன். பளபள அட்டை, லேசில் கிழியவில்லை. புத்தகத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

டீச்சர் மற்ற புத்தகங்களை உள்ளே வைத்தார். பிறகு பீரோவைப் பூட்டினார்.

"கிழிஞ்சத எப்படி மேடம் உள்ள வைக்கறது..."

சிறுமி அதற்குள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நேராகக் கடைசிப் பக்கம்.

அவளுக்கு முடிவு தெரிந்துவிட்டது. ஏழாம் பக்கத்தில் விட்ட என் ஆட்டை இறக்கிவிட்டார்களா, ஊர் போய்ச் சேர்ந்ததா... எனக்குத்தான் இன்னும் தெரியாது.