கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கொடி

எண்ணெய் தேடும் முகாமில் அவளுக்குப் பெயர் கொடியம்மா. இந்த வேலைக்கு வருவதற்கு முன் பன்னிரண்டு வருடம் ஒரு கண்ணாடிக் கடையில் நின்று, அடுத்தவர் மூக்கில் ஃப்ரேம் மாட்டிச் சரிபார்த்தவள். நாற்பத்தாறு வயதாகியும் அவளுக்கென்று ஒரு கண்ணாடி தேவைப்படவில்லை. அந்தக் கண்ணை நம்பித்தான் கம்பெனி வேலையே கொடுத்தது.

நிலத்துக்கடியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க, கம்பெனி வெட்டவெளியில் வரிசையாகத் துளை போட்டு, சின்னதாக வெடி வைத்து, அதிர்வு எப்படித் திரும்பி வருகிறதென்று கேட்கும். அந்த வரிசைக்கு 'லைன்' என்று பெயர். துளை போடும் லாரி வாரக்கணக்கில் அதில் போய்வரும். லாரி வருவதற்கு முன்னதாகவே லைனில் கொடியம்மா நடந்து போவாள். அங்கே தரையிலேயே முட்டையிடும் ஒரு சாம்பல் பறவை உண்டு. முட்டை அசல் கூழாங்கல் மாதிரியே இருக்கும். மிதித்த பிறகுதான் முட்டையென்றே தெரியும். வனத்துறை கறாராகச் சொல்லியிருந்தது: முட்டை இருந்தால் லாரி நூறு மீட்டர் தள்ளிச் சுற்றிப் போக வேண்டும். கூடு காலி என்றால் நேரே போகலாம். கூட்டைக் கண்டுபிடித்து, பக்கத்தில் சிவப்புக் கொடி நட்டு, அறிக்கையில் கையெழுத்துப் போடுவது கொடியம்மாவின் பாடு.

லாரி ஓட்டுகிறவன் அவள் கொழுந்தன். அண்ணியை இந்த வேலைக்குச் சிபாரிசு செய்தவனும் அவன்தான், அதற்காகத் தினமும் நொந்துகொள்கிறவனும் அவன்தான்.

"அண்ணி, நேத்து நீங்க சுத்த விட்டதுல என் இடுப்பே கழண்டு போச்சு."

"இடுப்பு கழண்டா மாட்டிக்கலாம்டா. முட்டை உடைஞ்சா யாரு ஒட்டறது?"

சர்வே மேலாளருக்கு முகாம் வைத்த பெயர் ஸ்கேல் சார். கெட்டவர் இல்லை. வரைபடத்தில் ஒரு வளைவைப் பார்த்தால் மட்டும் பல்வலி வந்தவர் மாதிரி முகம் கோணிவிடும்.

அந்தப் பருவத்தில் லைன் நெடுக நாலே நாலு கூடுதான் அகப்பட்டது. நாலுக்கும் கொடி நட்டாள். ஒரே வாரத்தில் முதல் கூடு காலி. அடுத்து இரண்டாவது. மூன்றாவதில் முட்டையோட்டுத் துண்டுகூட மிஞ்சவில்லை. ஸ்கேல் சார் வருத்தப்பட்டார்தான். ஆனால் பென்சில் தானாகவே நேராக ஓடியது.

"இயற்கைம்மா, நாம என்ன பண்ண முடியும்?"

கொடியம்மாவுக்கு அது இறங்கவில்லை. மறுநாள் காலை நாலாவது கூட்டைப் பார்க்கக் கிளம்பினாள். முந்தின நாள் தூறல் போட்டிருந்ததால் ஈர மண்ணில் தடம் பளிச்சென்று இருந்தது. நரித்தடம். இரை தேடுகிற நரி அங்கே இங்கே மோந்து வளைந்து வளைந்து போகும். இதுவோ கொடிக்குக் கொடி, ஸ்கேல் சார் பார்த்தால் மெச்சுகிற மாதிரி நேர்கோட்டில் போயிருந்தது.

வழியில் இன்னொரு கொடி. அங்கே கூடு கிடையாது. தண்ணீர் கேனை வைத்த இடம் மறந்துவிடக் கூடாதென்று அவளே நட்டது. அதைச் சுற்றியும் இரண்டு வட்டம் தடம். கேன் மூடியில் பல் பதிந்திருந்தது.

கொடியம்மா அப்படியே குந்திவிட்டாள். காவலுக்கென்று நட்ட கொடி, நரிக்குப் பந்தி போட்டு இலை விரித்திருக்கிறது. அழைப்பு வைத்தவள் இவள்.

எழுந்து ஓடினாள். நாலாவது கூட்டில் நாலு முட்டையும் பத்திரம். தாய்ப்பறவை தள்ளி நின்று வாய்க்கு வந்தபடி ஏசியது. கொடியைப் பிடுங்கிக் கையில் சுருட்டிக்கொண்டாள். அப்போதுதான் உறைத்தது: கொடி இல்லையென்றால் மதியத்துக்குள் லாரி நேரே இதன்மேல் ஏறும்.

கொடி காற்றில் விழுந்துவிட்டது என்று ஒரு வரி எழுதினால் போதும், வேலைக்குப் பங்கமில்லை. ஆனால் நாளைக்கும் கூட்டுக்குப் பக்கத்திலேயே நடச் சொல்வார்கள். வாக்கி டாக்கியை எடுத்தாள்.

"சார், மூணு கூடு போனது என்னால. நரி என் கொடியைப் பாத்துத்தான் வந்திருக்கு. இனி கூட்டுப் பக்கம் கொடி வேணாம். லாரி திரும்ப வேண்டிய இடத்துல ஒண்ணு, மறுபடி லைனுக்கு வர்ற இடத்துல ஒண்ணு, அவ்வளவுதான். கூடு உங்க வரைபடத்துல மட்டும் இருக்கட்டும்."

ஸ்கேல் சார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதை அறிக்கையில எழுதினா உங்களைத்தான்மா கேப்பாங்க."

"கேக்கட்டும் சார். எழுதத்தான் போறேன்."

"அப்ப நானும் கையெழுத்துப் போடறேன். கூட்டுக்குப் பக்கத்துல நடுங்கன்னு சொன்னது நான்தானே."

மதியம் லாரி வந்தது. முதல் கொடியில் திரும்பியது. வாக்கி டாக்கியில் கொழுந்தன் புலம்பினான்:

"அண்ணி, கண்ணுக்கெட்டுன தூரம் ஒண்ணுமே இல்லையே! வெறும் காத்தைச் சுத்திக்கிட்டுப் போறேன். பாக்கறவன் தண்ணி போட்டு ஓட்டறான்னு நினைக்க மாட்டான்?"

"நினைச்சா நினைக்கட்டும். ஸ்டீயரிங்கை ஒடி."

ஒன்பது நாள் அவள் கூட்டுப் பக்கமே போகவில்லை. பைனாகுலர் வழியாக, தூரத்து மேட்டிலிருந்து பார்த்ததோடு சரி. நரி இரண்டு கொடியையும் முறையாக வந்து விசாரித்துவிட்டு, காலைத் தூக்கி ஒண்ணுக்கு அடித்துவிட்டுப் போனது. பத்தாம் நாள் காலை அவள் பெயருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கூடவே, இனி எல்லா முகாம்களிலும் திருப்பங்களில் மட்டும் கொடி நடும்படி ஒரு சுற்றறிக்கை. அதில் அவள் பெயர் மருந்துக்கும் இல்லை.

கடிதத்தை மடித்துப் பையில் திணித்துக்கொண்டு மேட்டுக்குப் போனாள். கூழாங்கற்களுக்கு நடுவே கூழாங்கல் நிறத்தில் ஏதோ எழுந்து நடந்தது. பின்னாலேயே இன்னொன்று. தடுக்கி விழுந்து எழுந்து மூன்றாவது. நாலாவது முட்டை பொரிக்கவில்லை.

"சார், மூணு குஞ்சு. நடக்குதுங்க."

"நல்லதும்மா, ரொம்ப நல்லது," என்றார் ஸ்கேல் சார். குரல் உண்மையாகவே இளகியிருந்தது. உடனே செருமிக்கொண்டார். "அப்ப... எப்ப நேரா போகலாம்?"

"இருங்க சார். அதுங்க எப்பக் காலி பண்ணுதுங்கன்னு பாத்துச் சொல்றேன்."